எஸ்ஸுக்கும் டீக்கும் நடுவே

எங்கள் அகரவரிசையில் இஸட் கடைசி எழுத்தல்ல.
எஸ் முடிந்த கையோடு வந்துவிடும்,
டீ அதற்குப் பின்னால்தான்.
எஸ்தோனியாவில் பள்ளிக்கூடம் போன யாரும் சொல்வார்கள்.
சனிக்கிழமை நாங்கள் மாற்றிய சர்வர்
பள்ளிக்கூடம் போனதில்லை.

புதன் மதியம் நார்வாவிலிருந்து மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார்.
"ஸினயீதா ஸுயேவா. பதினோரு வருஷமாக
என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறார்.
இதோ நிற்கிறார், குடை சொட்டுகிறது.
உங்கள் திரை அப்படி ஓர் ஆளே இல்லை என்கிறது."

இருந்தார்.
ஒரு வரி விடாமல் முதலிலிருந்து வாசித்தால் இருந்தார்,
தெருப்பெயர், இரத்தவகை,
பென்சிலின் ஆகாது என்ற குறிப்போடு.
இன்டெக்ஸ் வழியாகப் போனால் இல்லை.
பழைய வரிசையில் அடுக்கிய அலமாரிக்குள்
புது வரிசை கற்றவன் நுழைகிறான்.
நேரே கடைசித் தட்டுக்குப் போகிறான்,
தூசியைத் தடவுகிறான்,
திரும்பி வந்து இல்லை என்கிறான்.
அவன் பொய் சொல்லவில்லை.
அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பிறகு எண்ணிப் பார்த்தோம்.
ஸோயா, ஸகாரோவ், ஸைத்ஸெவ்,
ஆற்றோரம் வாழும் பாதி ஊர்.

எல்லா இன்டெக்ஸையும் திரும்பக் கட்ட வேண்டும்.
கதவைப் பூட்டிவிட்டுக் கட்டினால் இரண்டு மணி நேரம்.
ஆனால் வோருவில் ஒரு ஆம்புலன்ஸ் இந்த நிமிடமும் கேட்கிறது,
பார்னுவில் இரவு நர்ஸ் கேட்கிறாள்.
ஆள் நடக்க நடக்கவே தரையைப் பெயர்த்துப் போடவேண்டும்.
அதற்குப் பழையதும் புதியதும் கொஞ்ச காலம்
பக்கத்தில் பக்கத்தில் இருந்தாக வேண்டும்,
அவ்வளவு டிஸ்க் இல்லை.
ஊர்வே எங்கிருந்தோ ஒரு சோதனைப் பிரதியைத் தோண்டினாள்,
ஐந்து வருஷமாக யாரும் தொடாதது, யாருடையது என்றும் தெரியாதது.
அழித்தாள். யாரும் அழவில்லை.

இரவு ஒன்றரை. வேலை நின்றது.
பிழையில்லை, காத்திருக்கிறது.
வெள்ளிக்கிழமை திறந்த ஒரு கேள்வி இன்னும் மூடப்படவில்லை,
அது முடியும்வரை புதியது தன்னை நம்பாது.
மூன்றாம் மாடி, புள்ளியியல் பிரிவு.
நாற்காலி முதுகில் கால்யுவின் ஸ்வெட்டர்,
திரையில் பாதி அறிக்கை.
போன் செய்தேன். சானாவிலிருந்து வந்தவர்போல் மூச்சிரைத்தார்.
"கொன்றுவிடு," என்றார். "திங்கள்கிழமை மறுபடி பெற்றுக்கொள்கிறேன்."

ஜன்னலுக்கு வெளியே எமயோகியில் பனி உடைகிற சத்தம்,
ஒரே தடவையாக இல்லை,
யோசித்து யோசித்து.

நான்கே காலுக்கு மருந்துச்சீட்டுகள் முடிந்தன,
ஒன்பது கோடி வரி, ஒரு முனகல் இல்லை.
ஆட்களின் இன்டெக்ஸ் சின்னது, டீ ஆறுமுன் முடியவேண்டியது.
அதுதான் விழுந்தது.
ஒரே சாவிக்கு இரண்டு பேர்.

தொண்ணூறுகளில் இதை வரைந்தவர்கள்
பெயரையும் பிறந்தநாளையும் சாவியாக வைத்துவிட்டுப்
பின்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.
புதன்கிழமை இரண்டு இருபதுக்கு
மருந்துக்கடைக்காரர், நல்ல மனுஷர்,
இல்லாத ஸினயீதாவைப் புதிதாகப் பதிந்து
மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்.
குருட்டு இன்டெக்ஸ் அதற்குத் தலையாட்டியிருக்கிறது.

முதல் ஸினயீதாவுக்குப் பென்சிலின் ஆகாது.
இரண்டாமவளுக்கு எல்லாம் ஆகும்.

ஒரு வரியை அழிக்க எனக்கு அனுமதி உண்டு,
விரல் உண்டு, தூக்கமும் உண்டு.
எது என்று தெரிவதுபோல் இருந்தது.
கையெடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
ஊர்வே பேசாமல் ரொட்டியைப் பிய்த்து எனக்கும் வைத்தாள்.

எட்டு மணிக்குக் கடை திறந்ததும் கூப்பிட்டேன்.
மாத்திரை இரத்த அழுத்தத்துக்கு மட்டும் என்றார்,
வேறெதுவும் கொடுக்கவில்லை என்றார்,
மருத்துவரிடம் கேட்டு இரண்டையும் ஒன்றாக்கலாம் என்றார்.
பிறகு, "அவர் குடையை இங்கேயே விட்டுப் போய்விட்டார்.
பெயர் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்."

எந்த எழுத்துக்குக் கீழே என்று
நான் கேட்கவில்லை.