மூன்றாவது கட்டம்

சுற்றறிக்கை செவ்வாய்க்கிழமை வந்தது.
பொருள்: பள்ளிகளின் நோக்கமும் விழுமியங்களும்.
நோக்கம் இரண்டு வரிக்கு மிகாமல்,
விழுமியம் ஐந்து, கட்டத்துக்கு ஒன்றாக,
வெள்ளி மாலை ஐந்து மணிக்குள்.
பிறகு அதைப் பள்ளிச் சுவரில் எழுத வேண்டும்,
எட்டடிக்கு நாலடி, நீலப் பெயிண்டில்.

ஒன்றியத்தில் அறுபத்தோரு பள்ளிகள்.
தொகுக்கிறவள் நான்.
களக்காட்டுப் பக்கம் ஒரு கல்வி அலுவலகம்,
ஜன்னலோர மேசை.
மலை தெரியும். சாரல் அடித்தால் கோப்பு நனையும்.

புதன் மதியம் முள்ளிகுளத்திலிருந்து முதல் பதில்:
தரமான கல்வி, சமமான வாய்ப்பு,
ஒளிமயமான எதிர்காலம
கடைசி எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது.
வியாழன் இரவுக்குள்
முப்பத்துநான்கு பள்ளிகளின் எதிர்காலத்துக்குப்
புள்ளி இல்லை.
வாட்ஸ்அப் குழுவில்
யார் யாரிடம் வாங்கினார்களோ.
ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தேன்.

கள்ளிப்பொத்தை ஞானதீபம் டீச்சர் போனில் கேட்டார்:
"சுவத்துல எழுதச் சொல்லுதிய.
உருப்படியான சுவரு எங்களுக்கு ஒண்ணுதான்,
அதுல வாய்ப்பாடு கெடக்கு.
எந்த வாய்ப்பாட்ட அழிக்கட்டும்?"
பதினாறை அழியுங்க டீச்சர் என்றேன்.
"நேத்துதான் ஒருத்தி அத முழுசா ஒப்பிச்சா"
என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணி.
தாழைநேரி மேல்நிலைப்பள்ளி பொன்னுலிங்கம் சார்
படிவத்தைக் கையிலேயே கொண்டுவந்தார்.
உண்மை, உழைப்பு, தூய்மை, துணிவு.
மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது.
மற்ற அறுபது பேரும் அதில்
சமத்துவம் என்று போட்டிருந்தார்கள்.

சார், ஒண்ணு விட்டுப்போச்சு.

பையிலிருந்து ஒரு பழைய அல்வா டப்பா எடுத்தார்.
நெய்வாடை இன்னும் போகவில்லை.
உள்ளே கயிறுகள்,
பிள்ளைகள் மணிக்கட்டில் அறுத்தது,
இரட்டை நிறத்தில் முறுக்கியவை, மூன்று நிறத்தில் பின்னியவை,
வேர்வை உப்பு ஏறி விறைத்தவை.
"இந்தக் காலாண்டுக்கு இவ்வளவு.
எழுதிட்டா அது இருக்குன்னு ஆயிரும்லா."
ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு
நாலரை பஸ்ஸுக்கு ஓடினார்.
டப்பாவை மறந்தாரா, வைத்துவிட்டுப் போனாரா
தெரியவில்லை.

என் வீட்டு நிறமும் அதில் கிடந்தது.
எந்த நிறம் என்று எழுதமாட்டேன்.
எழுதினால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு
நான் யார், எந்தத் தெரு, யார் மருமகள்
எல்லாம் தெரிந்துவிடும்.
என் பையன் எட்டாவது. வேறு பள்ளி.
கொடைக்குப் போன இடத்தில் மாமா கட்டிவிட்டது.
தினமும் பார்க்கிறேன்.
சட்டைக் கை நீளமாகத் தைத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஐந்தாக ஏழு நிமிடம்.
கட்டத்தைக் காலியாக விட்டால்
கணினி ஏற்கவில்லை. சிவப்பில் நட்சத்திரம்:
இது கட்டாயம்.
மற்றவர்கள் எழுதியதை அடித்தேன். அழித்தேன்.
கடைசியில் ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

திங்கள் காலை மாவட்ட அலுவலகத்திலிருந்து போன்:
தாழைநேரிக்கு மூணாவதுல என்னம்மா,
ஒரு புள்ளிதான் நிக்கி?
சரிபார்த்துச் சொல்லுதேன் சார் என்றேன்.

அன்று ராத்திரி அவன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான்.
சட்டையை மடித்துவிட்டிருந்தான்.
கயிற்றில் பேனா மை ஒட்டியிருந்தது.
கத்தரிக்கோல் தையல் மெஷின் டிராயரில்.
"என்னம்மா பாக்க?"
ஒண்ணுமில்ல, எழுது என்று சொன்னேன்.
டப்பா இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது,
அனுப்புகைப் பதிவேட்டுக்கு அடியில்.