தங்கூசி

பங்குனி பிறந்து ஒன்பதாம் நாள்.
வட்டுவாகல் பாலத்தில் விடிய நாலே முக்காலுக்கு
எட்டுப் பேர் நிற்கிறோம்.
முகங்கள் தெரியாது. டோர்ச் வெளிச்சத்தில் கால்கள் மட்டும்:
தேய்ந்த பாட்டாக்கள், ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து,
எமல்டாவின் வெறுங்கால்.

கொய் ஏறுகிற கிழமை இது.
கடல்வாய் இன்னும் முழுதாய் மூடவில்லை.
மணல் இரண்டு பக்கமிருந்தும் எட்டி எட்டி வருகிறது,
நடுவில் மிஞ்சிய இடுக்கால்
உப்பு உள்ளே வரும், உப்போடு கொய்யும்.

கொய் தூண்டில் தின்னாது.
பல்லில்லாத மீன், சேற்றைச் சப்புகிற சாதி.
தெரிந்துகொண்டுதான்
பாண் உருண்டையைச் சின்ன முள்ளில் குத்தி
மூன்று வருஷமாய் எறிகிறேன்.
மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிற வேலை எனக்கு.
படலையில் நின்று, நாய்க்குப் பயந்து,
எண்களை எழுதிக்கொண்டு போகிறவனுக்கு
எண்ணில்லாத ஒரு மணித்தியாலம் வேண்டியிருக்கிறது.

சில நாள் கடிக்கும்.
பசியில் இல்லை, எரிச்சலில் என்பார் சிவகடாட்சம்.
"மூக்குக்கு முன்னாலை ஆட்டிக்கொண்டு நிண்டால்
நீயும் கடிப்பாய்."

கடித்தால் கைக்குத் தெரிவது இப்படி:
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, பக்கத்து அறையில் யாரோ கட்டிலை இழுத்த மாதிரி
தங்கூசி ஒருதரம் அதிரும்.
அவ்வளவுதான்.
மேலே வந்தால் வெள்ளி வயிறு,
செவுளுக்குப் பின்னே ஒரு கறுப்புப் பொட்டு,
சந்தையில் விலைபோகாத அளவுக்கு முள்ளு.

இந்தத் தண்ணீரில் இன்னொரு பிடிப்பும் உண்டு.
அது அதிராது.
திருப்பி இழுக்காது.
கனக்கும்.

அப்போது நாங்கள் இழுப்பதில்லை.
ஆளுக்கொரு கத்தி வைத்திருக்கிறோம், மீன் வெட்ட அல்ல.
இழுக்காதே என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை.
அறுத்துவிட்டு, புது முள் கட்டி,
இரண்டு பாகம் தள்ளி நின்று எறிவோம்.
பேச்சு கொஞ்ச நேரம் நிற்கும்.
பிறகு யாராவது அரிசி விலையைச் சொல்வார்கள்.

இன்றைக்குச் சப்பாத்துக்காரனுக்குப் பிடித்தது.
முகாமிலிருந்து வந்த பெடியன், புதிது,
நல்ல விலையான தடி.
பெரிய மீன் என்று நினைத்துவிட்டான்.
காலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து, இழுக்கிறான், இழுக்கிறான்.
தடி வில்லாய் வளைகிறது.
எங்கள் ஏழு பேரின் தங்கூசியும் தண்ணீரில் சும்மா கிடக்கிறது.
சிவகடாட்சம் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கிறார்,
அங்கே இன்னும் ஒன்றும் விடியவில்லை.

எமல்டாதான் போனாள்.
கத்தியைப் பிடிப்பக்கமாய் நீட்டினாள்.
அவன் கத்தியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.
"அம்மா, என்ன?"
"கல்."
"கல?" என்றான் தன் பாஷையில்.
"ஓம், கல்."

இரண்டு பாஷையிலும் கிட்டத்தட்ட ஒரே சொல்,
இரண்டிலும் அது அப்போது பொய்.
அவனுக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியாது.
கன நேரம் தண்ணீரைப் பார்த்தான்.
இருபத்திரண்டு வயது இருக்கும்,
அந்த வருஷம் எங்கேயோ முன்பள்ளியில்
மீன் கீறியிருப்பான்.
பிறகு குனிந்து, அவசரமில்லாமல், அறுத்தான்.
அறுந்த நுனி நீரின் மேல் சுருண்டு கிடந்து
மெல்ல மெல்லத் தாழ்ந்தது.
கத்தியைத் துடைத்துக் கொடுத்தான்,
அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆறு பத்து பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறியது.
பாலம் ஒடுக்கம், கைப்பிடியும் இல்லை.
எட்டுப் பேரும் தடிகளை நிமிர்த்திக்கொண்டு
விளிம்போடு ஒட்டி நின்றோம்.
யார் முழங்கையை யார் பிடித்தோம் என்று தெரியாது.
என் கையில் தங்கூசி அதிர்ந்தது.
பஸ்ஸா, கொய்யா?
பஸ் போய்முடியும் மட்டும்
ஒருவரும் அசையவில்லை.