பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாச்சு.
முந்தாநாள் போன உன் படகு
இன்னும் கண்ணில் படவில்லை, கஸ்பார்.
நான் செல்போனில்
உன் கண்ணீர் அஞ்சலிக்குப் போட்டோ தேடுகிறேன்.

கல்யாணத்தில் கண்ணை மூடியிருக்கிறாய்.
ஞானஸ்நானத்தில் பிள்ளை முழித்திருக்கிறது,
நீ தூங்குகிறாய்.
ஆதார் அட்டையில்
ஏற்கெனவே செத்தவன்.

இந்த மூஞ்சியைப்
பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸில் கட்டினால்
தங்கச்சிமடமே சிரிக்கும்.
முடியாது, போ.
சாகிறதுக்கு உன்னிடம்
ஒரு நல்ல போட்டோகூட இல்லை.

விடியலில் வந்து நின்றாய்,
டீசலும் நண்டுமாக நாறிக்கொண்டு.
"கண்ணை முழிடா" என்று செல்போனைத் தூக்கினேன்.
க்ளிக் சத்தத்துக்குச் சரியாக
இறுக்கி மூடினாய், கள்ளப்பயல்.

எதற்கும் இருக்கட்டுமென்று
நானும் கையை ஆட்டிவிட்டேன்.