மொத்

மொத்தம் என்று அடிக்கப் போனேன்.
‘மொத்’ வரை வந்து நின்றுவிட்டது.
மவுஸை உலுக்கினேன். அம்பு அசையவில்லை.
மூலையில் மணி 8.10.
என் கைக்கடிகாரத்தில் 8.26 ஆன பிறகும்
அதற்கு 8.10தான்.

ஒன்பது வள்ளங்களின் ஒரு மாதக் கணக்கு.
ஐஸ், டீசல், பங்கு, முன்பணம்.
எத்தனையாவது வள்ளம் வரை சேமித்தேன் என்று
அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சில நாள் இப்படி உறையும்.
சில நாள் திரை முழுக்க நீலமாகி
வெள்ளை எழுத்தில் வருத்தம் தெரிவித்து
தானாக அணைந்து தானாக எழும்பும்.
குளச்சல்காரியிடமா நீலத்தைக் காட்டுகிறாய்?

முதல் பழி ஜெரினுக்கு.
அவன் ஏற்றியிருந்த கார் விளையாட்டை அழித்தேன்.
அழுதான்.
அன்று ராத்திரியும் உறைந்தது.

திங்கள்சந்தை அஜின் வந்தான்.
பெட்டியைத் திறக்காமலே சொன்னான்:
“போர்டு போச்சு அக்கா. ஆறாயிரம் ஆவும்.
புதுசு வாங்குனா இன்னும் நல்லதாக்கும்.”
சாயா குடித்தான். போனான்.

கணக்கில் நாற்பது ரூபாய் உதைத்தால்
ஒன்பது வள்ளக்காரரையும் கூப்பிட்டுக் கத்தமாட்டேன்.
ஒரு வள்ளத்தை ஒதுக்கிவைத்து மீதியைக் கூட்டுவேன்.
சரியாக வந்தால் ஆள் அகப்பட்டான்.
வராவிட்டால் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு
அடுத்ததை ஒதுக்குவேன்.
இதற்கு மட்டும் வேறு வழியா இருக்கப்போகிறது?

ஜெரினின் பழைய நோட்டில்
பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

செவ்வாய் 8.10. உறைந்தது. பிரிண்டர் ஓடவில்லை.
புதன் ஒன்றுமில்லை.
வியாழன் 7.50. நீலம். மழை.
வெள்ளி பகல் 3.15. உறைந்தது.
கரண்ட் ஒழுங்கு. ஐஸ் ஆலை லீவு.

அந்த வெள்ளிக்கிழமை வரை
ஐஸ் ஆலையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.
அங்கே மோட்டார் போட்டால்
எங்கள் தெரு பல்பெல்லாம் கண் சிமிட்டும்.
எழுதிவைக்காமல் இருந்திருந்தால்
சாகும்வரை அதன்மேலேயே பழி.

அடுத்தது சூடு.
வயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன்.
விசிறிக்கு அடியில் பாதி மணவாளக்குறிச்சி!
கறுப்பு மணல்,
காந்தமுள்ள ஸ்க்ரூடிரைவர் நுனியில்
மீசைபோல ஒட்டிக்கொண்டு வந்தது.
பெயிண்ட் பிரஷ்ஷால் தூத்து வாரினேன்.
மூன்று நாள் ஒரு குறையில்லை.
தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
நாலாம் நாள் 9.05. நீலம்.

மஸ்கட்டிலிருந்து ததேயுஸ்:
“விடு பிள்ளே, நான் வந்து பாக்கேன்.”
வருவது ஈஸ்டருக்கு. இன்னும் ஐந்து மாதம்.
சொல்லி முடிக்குமுன்னே அவன் முகம்
வாய் திறந்தபடி நின்றது.
மூலையில் மணியைப் பார்த்தேன்.
நகர்ந்தது.
அப்படியானால் இது அவன் பக்கத்துக் கோளாறு.
நோட்டில் எழுதவில்லை.

மிச்சமிருந்தது ரேம்.
இரண்டு பட்டைகள்,
அக்காளும் தங்கச்சியும்போல ஒட்டி நின்றார்கள்.
ஒருத்தியை உருவிவைத்தேன். ஐந்து நாள் சுகம்.
அவளை வைத்து மற்றவளை உருவினேன்.
அரை மணி நேரம் தாங்கவில்லை.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தால்
பொன் பற்களில் பாசிநிறப் பூப்பு.
ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்பு
ஒரு சத்தமும் போடாமல் உள்ளே ஏறி
நினைவின் பல்லைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

ஜெரினின் பென்சில் டப்பாவில்
ரப்பர் எடுத்தேன்.
அழிப்பதற்கென்றே செய்த சாமான்.
அதைக்கொண்டு நினைவைத் தேய்த்தேன்,
இரண்டு பக்கமும், மெதுவாக,
வாயால் ஊதாமல் துணியால் துடைத்து.
க்ளிக் என்று உட்கார்ந்தாள்.

பதினோரு நாளாயிற்று.
‘ஒன்றுமில்லை’ என்று பதினோரு முறை எழுதியிருக்கிறேன்.
மொத்தம் அடித்தேன்; ‘ம்’ வரை வந்தது.
ஆறாவது வள்ளத்தில் நாற்பது ரூபாய் உதைக்கிறது,
அதற்குக் கம்ப்யூட்டர் பொறுப்பல்ல.
நேற்று கார் விளையாட்டைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன்.
நீலத் திரைக்கு இருந்த மரியாதை எனக்கு வரவில்லை,
வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அவன் ஓட்டத் தொடங்கிவிட்டான்.

மூடியின் நாலு ஸ்க்ரூவில்
ஒன்றை மட்டும் முறுக்கியிருக்கிறேன்.
கடல் பக்கத்து ஜன்னல் திறந்துதான் கிடக்கிறது.
அதையும் அடைத்தால்
இந்தப் புழுக்கத்தில் மனுஷி எப்படி இருப்பது.