பாதி போதும்

"முழுக்க வேண்டாம், பாதி போதும்" என்றேன்.
மஹ்னாஸ் கையுறையை இழுத்து விட்டபடி சிரித்தாள்.
இந்தக் கருவிக்கு எண்ணத் தெரியாது,
கறுப்பைக் கண்டால் சுடும், அவ்வளவுதான்.
எது போகும் எது நிற்கும் என்பதை
ஆறு வாரம் கழித்து உன் கன்னமே சொல்லும்.

கால்கூர்லி. ஹனன் தெருவில்
மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை.
ஜன்னலுக்கு வெளியே ஜூலை மாதத்து வெயில்,
சூடில்லாமல், ஆனால் விடாமல்.

காலை நாலரைக்கு மழித்தால்
பத்து மணித் தேநீருக்குள் உப்புத்தாள்.
கண்ணுக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு
தொண்டைக்குழி வரைக்கும் வரப்பில்லாத பயிர்.
வெளியே வர வழி தெரியாமல்
உள்ளேயே சுருண்டவை வேறு,
தாடையோரம் சீழ் கட்டி, பழுத்து,
தலையணை உறையில் பொட்டுப் பொட்டாக.

மயிரிழையில் தப்பினான் என்பார்கள்.
எனக்கு அந்த மயிரிழையில்தான் தூசு நுழைகிறது.
நிலத்துக்கு எழுநூறு மீட்டர் கீழே
கல்லைப் பொடியாக்கும் இடத்தில்
முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும்.
ஒட்டுகிறதா என்று பார்க்க
தலைக்கு மேல் ஒரு கூடாரத்தைக் கவிழ்த்து
கசப்பு மருந்தைப் பீய்ச்சுவான் பிரெண்டன்.
"கசக்கிறதா?"
மூன்று முறை கசந்தது.
மூன்றாம் முறை படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு
என்னை மேலே லாரி எண்ணும் வேலைக்கு அனுப்பினான்.
வாரத்துக்கு நானூறு டாலர் குறைவு.
அவனைக் குறை சொல்ல முடியாது,
அவன் மாமனார் இருமி இருமிப் போனவர்.

சுத்தமாக எடுத்துவிட்டால் தொல்லை விட்டது.
ஆனால் சுகிர்தா இருக்கிறாள்.
"போட்டோவில உங்கட தாடியப் பாத்துத்தான் ஓமெண்டனான்,
மூஞ்சிய ஆர் பாத்தது?"
பதினாறு வருடமாக இதையே சொல்கிறாள்.
லீவு மாதத்தில் வளர்த்துக்கொள்ள
கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்றுதான் பாதி.

வெள்ளைப் பென்சிலால் கன்னத்தில் கட்டம் போட்டாள்.
கண்ணுக்கு இரும்பு மூடி.
சுரங்கத்தில்கூட இத்தனை இருட்டைப் பார்த்ததில்லை.
சுளீர்.
கோழி வாட்டும் வாசனை, என் மூக்குக்குக் கீழேயே.
மேலுதட்டுக்கு வந்தபோது
என் அம்மாவை ஒரு தரம் கூப்பிட்டேன்,
மஹ்னாஸுக்குத் தமிழ் தெரியாது,
இருந்தும் நிறுத்தினாள்.

வேகத்தைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறாளாம்.
என் தோலும் கறுப்பு, முடியும் கறுப்பு,
கருவி குழம்பிவிடும், தோலையே சுட்டுவிடும்.
கறுப்பில் ஆள் எது, முடி எது என்று தெரியாமல்
குழம்பிய முதல் கருவி இது இல்லை என்றேன்.
அவள் ஷிராஸில் பிறந்தவள்.
விளக்கம் கேட்கவில்லை.

வெயிலில் போகாதே என்றாள்.
நான் வேலை பார்க்கும் இடத்தைச் சொன்னதும்
இதுவரை வந்தவர்களில் நீதான் உத்தமம் என்றாள்.

முழுவதையும் தோண்டினால் கூரை இறங்கிவிடும்.
பொன் இருந்தாலும் தொடாமல்
அங்கங்கே தூண் விட்டுத்தான் குடைவோம்.
ஐந்து அமர்வுகளில் என் முகத்திலும் அப்படித்தான்,
தூண்கள் நின்றன.
எந்தத் தூண் என்பதை மட்டும் நான் தீர்மானிக்கவில்லை.

அக்டோபரில் மறுபடி கூடாரம்.
"கசக்கிறதா?"
தலையை இடமும் வலமும் ஆட்டி, குனிந்து நிமிர்ந்து,
அவன் கொடுத்த பத்தியை உரக்க வாசித்துக்கொண்டே
நாக்கின் நுனியில் காத்திருந்தேன்.
"கசக்கிறதா?"
இல்லை.
"நிஜமாகவா?"
வாழ்க்கையில் இத்தனை அக்கறையாக
யாரும் என்னை இதைக் கேட்டதில்லை.

டிசம்பர் லீவில் வளர்த்தேன்.
மூன்றாம் வாரம் சுகிர்தா
விளக்கடியில் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
கறுப்பு பாதி போயிருந்தது, சொன்னபடியே.
வெள்ளைக்கு அந்தக் கருவியின் கண் தெரியாதாம்.
கூட்டத்துக்குள் ஒளிந்திருந்தவை எல்லாம்
இடம் கிடைத்ததும் நிமிர்ந்து நின்றன.

"இது ஆர்?" என்றாள்.
கையை மட்டும் எடுக்கவில்லை.