மற்றவை

மாநகராட்சி கொடுத்த டேப்லெட்டில் ஐந்து சின்னம்.
விளக்கு, குழாய், தொட்டி, கழிப்பிடம்,
அப்புறம் ஒரு சாம்பல் புள்ளி: மற்றவை.

முதுநகரில் ஆனி வெயில்.
நாற்பது புள்ளி வைத்தால்தான் அன்றைய கூலி.
எரியாத விளக்கையும் விளக்கென்றே வைக்கவேண்டும்,
எரிகிறதா என்று அது கேட்பதில்லை.

சனங்களுக்கு வேறு கணக்கு.
"ஷட்டர்ல மூணாவது மடிப்பு வரைக்கும் தண்ணிம்மா,
அதைக் குறி" என்றார் ஆணிக்கடை ஷெரீப்.
ஒரு பையன் இழுத்துப்போய்
கடிக்கிற நாய் படுக்கும் சந்தைக் காட்டினான்.
நாய் இல்லை. மூணு மணிக்கு மேல்தான் வருமாம்.
குவைத்துக்குப் பேச சிக்னல் கிடைப்பது
ரேஷன் கடையின் பின்சுவரில் மட்டும்;
முதுகுகள் சாய்ந்து சாய்ந்து
அந்த இடத்தில் சுண்ணாம்பே இல்லை.
எல்லாம் மற்றவை.

உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம், சோனாங்குப்பத்தில்,
செயற்கைக்கோள் சரியாகப் பிடிக்கவில்லை.
அஞ்சலாட்சி வாசலில் நின்று குழாயைக் குறித்தேன்,
புள்ளி நழுவிக் கடலில் விழுந்தது.
கரையிலிருந்து இருபதடி உள்ளே
நீல நிறத்தில் ஒரு குடிநீர்க் குழாய்.

அழிக்கப் போனேன்.
மீன்கூடையை இறக்கிவைத்து எட்டிப் பார்த்தவள்
"இரு" என்றாள்.
"அங்கதான் எங்க பழைய வூடு.
பம்பு இருந்திச்சி. கைப்பிடி ஒடஞ்ச பம்பு.
நாலு வூட்டுக்கு அதான்."
மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.
கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள், தூக்கிவிட்டேன்.
கனத்தது. சங்கரா.

"கடலுக்குள்ள எதுக்கு குழாய்?"
உதவிப் பொறியாளர் ரூபாவதி கண்ணாடியைக் கழற்றினார்.
"மற்றவை மட்டும் நானூத்திப் பன்னெண்டு.
ஊர்ல வேற ஒண்ணுமே இல்லையா?"
"விட்டுடறேன் மேடம்" என்றேன்.
அவர் ஒரு மாதிரி புரிந்துகொண்டார்,
நான் இன்னொரு மாதிரி.
நீலத்தைச் சாம்பலாக்கினேன். நானூற்றுப் பதிமூன்று.

இப்போது யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.
ஆனால் மற்றவை மறைந்தே இருக்கும்,
ஓரத்திலிருக்கும் பொடிக் கட்டத்தில் தட்டினால்தான் வரும்.

ஐப்பசி அடைமழையில் கரண்ட் போன ஓர் இரவு
மிச்சமிருந்த சார்ஜில் தட்டினேன்.
சாம்பல் பூத்தது ஊர்.
நாய் இருந்தது, ஷட்டர் இருந்தது,
கடலில் குழாய் இருந்தது.
அதன் கீழே யாரோ புகார் கொடுத்திருந்தார்கள்:
'தண்ணி உப்புக் கரிக்குது.'
நிலை: பரிசீலனையில்.