கமரா, காம்பரா

ரூபகாந்தன் கண்ணாடி அலுமாரியைத் திறந்து
ஒரு கமராவை எடுத்து என் கையில் வைத்தான்.
மூன்று மாதக் குழந்தையின் பாரம்.
"செக்கன் ஹேண்ட்தான் டீச்சர். நாலு கலியாணம், ஒரு சடங்கு,
அவ்வளவுதான் பார்த்திருக்கு."
அட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, அவனுடைய ஸ்டூடியோ.
நான் விலை கேட்கவில்லை.
கணக்கீடு படிப்பிக்கிறவளுக்கு
விற்கிறவனின் முகமே விலைச்சீட்டு.

எழுபத்தையாயிரம்.
சீட்டில் நான் எடுத்தது நாற்பத்திரண்டு.
அதில் ஆறு தம்பியின் சப்பாத்துக்கும் பஸ் சீசனுக்கும்.
மிச்சத்தில் ஒரு முக்காலி, ஒரு வட்ட விளக்கு,
முடிந்தால் மைக்.
"முகம் தெளிவா தெரிஞ்சாத்தான் புள்ளைங்க பார்க்கும்."
"என் முகத்தை வைத்து ஐந்தொகை சமப்படாது, தம்பி."
சிரித்தான். கமராவைத் துணியால் துடைத்தான்,
என் கைரேகை போகும்வரை துடைத்து
உள்ளே வைத்தான்.

என் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டு.
கமரா, காம்பரா: இரண்டு சொல்லும்
ஒரே கப்பலில் வந்திறங்கியவை என்று எங்கோ படித்தேன்.
ஒன்றுக்கு ஆறு மாத உத்தரவாதம் தருகிறார்கள்.
மற்றதுக்கு இன்னும் உறுதி தரவில்லை.

பால்மா டின்னின் மேல் போனை நிறுத்தினேன்.
முதல் பாடம், பெறுமானத் தேய்வு.
தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
நேர்கோட்டு முறை என்கிறேன்,
வாய் மட்டும் அசைகிறது,
தொட்டியில் விட்ட மீன் மாதிரி.

அதனால்தான் கமரா வேண்டாம், மைக்.
சட்டையில் குத்துகிற சின்னது,
பஞ்சுத் தொப்பி போட்டது, ஆறாயிரத்து ஐந்நூறு.
எடுத்ததைப் போட்டுப் பார்த்தால்
அது எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது.
ஞானசௌந்தரி அக்கா தேங்காய் துருவுவது.
ஃபெக்டரிச் சங்கு.
அதற்கும் அடுத்த காம்பராவில் ஒருவர்
வட்டிக்காரரிடம் பிள்ளை மேல் சத்தியம் செய்வது.
இத்தனை வருஷம்
இதைச் சுவர் என்றா நினைத்திருந்தேன்?

எடிட் பண்ண முதலில் இறக்கியது இலவசம்.
மூலையில் தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டது,
சரியாக என் மொத்தத்தின் மேல்.
இரண்டாவது, என் லெப்டொப்பின் வயதைப் பார்த்து
பாதியில் உறைந்து நின்றது.
மூன்றாவது மாதாமாதம் டொலர் கேட்டது.
ரூபாவின் தேய்வுக்கே
பாடத்திட்டத்தில் வாய்பாடு இல்லை.
கடைசியில் போனிலேயே ஓடுகிற ஒன்று.
விரலால் வெட்டலாம், விரலால் ஒட்டலாம்.
அதில் ஒரு பொத்தான்: இரைச்சல் நீக்கு.

அழுத்தினேன்.
மழை போனது. சங்கு போனது. தேங்காய் போனது.
நூறு வீதத்தில் ழகரமும் போனது.
இழப்பு என்றேன், இப்பு என்று வந்தது.
பிள்ளைகள் பரீட்சையில் இப்புக் கணக்கு எழுதி வைத்தால்?

எழுபதில் வைத்தேன். ஐம்பதில்.
முப்பத்தைந்தில் ழ திரும்பி வந்தது,
தோளில் கொஞ்சம் மழையோடு.
சத்தியமும் வந்தது, சொல்லுக்குச் சொல் தெளிவாக.
அந்த ஏழு விநாடியை விரலால் வெட்டினேன்.

வெட்டிய இடத்தில் என் கை தாவுகிறது.
பலகையில் ஐந்து. உடனே எட்டு.

மறுநாள் ராகலையிலிருந்து விதுசாலினி
குரல் அனுப்பியிருந்தாள்.
"டீச்சர், அந்த அஞ்சு எப்படி எட்டாச்சு?"
அவளுக்குப் பின்னாலும் தகரம்.

மூன்றைக் கூட்டிய நேரம்
ஒருவர் தவணை கேட்டுக்கொண்டிருந்தார்.
அதை எந்தப் பக்கம் பதிவது,
வரவிலா, செலவிலா?

திரும்ப எடுக்கிறேன் மகள் என்று பதில் போட்டு
பால்மா டின்னை
அந்தச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தேன்.
பத்தடியில் அவ்வளவுதான் தள்ளலாம்.